பைத்தான் 3.12க்கு மாறியபின் ரிக்வெஸ்ட்ஸ் வருகிறது, நம்பை வரவில்லை. வென்வ் போட்டும் அதே கதை

'அரைகுறை' என்ற பயனர் கேட்டது:

வணக்கம். அந்தக் கணினி வேறு அறையில் இருக்கிறது, நான் கைபேசியில் எழுதுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே அடித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகள் நான்கு இருக்கின்றன. ராத்திரி முழுக்க அவற்றின் வெப்பநிலை ஒரு சிஎஸ்வி கோப்பில் பதிவாகும். காலை 6 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) என் பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டும். அது நம்பை (கணக்குக்கு), மேட்ப்ளாட்லிப் (வரைபடத்துக்கு) என்ற பைத்தான் பேக்கேஜ்களை வைத்து ஒரு படம் வரைந்து, ரிக்வெஸ்ட்ஸ் (இணையத்தில் அனுப்பும் பேக்கேஜ்) மூலம் எங்கள் குழுவுக்கு அனுப்பும். நான் நிரலாளர் இல்லை, உயிரியல்காரி. இரண்டு வருடமாக இது ஓடியதே எனக்கு ஆச்சரியம்தான்.

போன வாரம் கணினியின் இயங்குதளத்தை உபுண்டு 22.04 இலிருந்து 24.04க்கு மாற்றினேன். பைத்தான் 3.10 போய் 3.12 வந்தது. அன்றிலிருந்து படம் வரவில்லை.

டெர்மினலில் நானே ஓட்டினால் ரிக்வெஸ்ட்ஸ் ஒழுங்காக இம்போர்ட் ஆகிறது. நம்பையில் மட்டும் ஒரு பக்கத்துக்குப் பிழை கொட்டுகிறது: சி எக்ஸ்டென்ஷன்களை இம்போர்ட் செய்ய முடியவில்லை, கடைசியில் 'நம்பை.கோர்._மல்ட்டிஅரே_யூமாத்' என்ற மாட்யூல் (நிரல் பகுதி) இல்லை என்று. க்ரான் லாகில் பார்த்தால் பிழையே வேறு. 'நம்பை' என்று மாட்யூலே இல்லை என்று ஒரே வரி. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே கணினி, இரண்டு விதமான பிழை. இது எப்படி?

செய்து பார்த்தவை: பிப் இன்ஸ்டால் நம்பை என்று கொடுத்தேன் (பிப் என்பது பேக்கேஜ்களை நிறுவும் கருவி), 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுத்துவிட்டது. அந்தப் பிழைச் செய்தியிலேயே சொல்லியிருந்த பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் ஆப்ஷனைப் போட்டேன் (பெயரைப் பார்த்தே கை நடுங்கியது). ஏற்கெனவே இருக்கிறது என்றது. சரி என்று புதிதாக ஒரு வென்வ் (தனியாகப் பிரித்த பைத்தான் சூழல்) உருவாக்கி, அதற்குள் போய் பிப் இன்ஸ்டால் நம்பை கொடுத்தேன். அங்கேயும் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது! பத்து வினாடிக்கு முன் பிறந்த வென்வுக்குள் நம்பை எங்கிருந்து வந்தது?

---

சுருக்குவழி சொன்னது:

ஸ்கிரிப்டின் முதல் வரியில் இம்போர்ட் சிஸ், அடுத்த வரியில் சிஸ்.பாத்.அப்பெண்ட் போட்டு, வென்வின் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரை (நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் இடம்) கொடுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

---

அரைகுறை சொன்னது:

போட்டுப் பார்த்தேன். அதே ஒரு பக்கப் பிழை, ஒரு எழுத்து மாறவில்லை.

---

புள்ளிக்கோப்பு சொன்னது:

அப்பெண்ட் என்றால் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். உங்கள் சிக்கல் வரிசையின் முன்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். மூன்றே மூன்று விஷயம் அனுப்புங்கள்.

வென்வுக்குள் இருக்கும்போது 'எக்கோ $பைத்தான்பாத்' (பைத்தான் கூடுதலாகத் தேட நாமே கொடுக்கும் ஃபோல்டர்கள்) என்ன சொல்கிறது, 'பைத்தான்3 -எம் சைட்' என்ன காட்டுகிறது, பிறகு 'க்ரான்டேப் -எல்' (க்ரானின் வேலைப் பட்டியல்) கொடுத்தால் மேலே ஏதாவது வேரியபிள் வரி இருக்கிறதா.

---

அரைகுறை சொன்னது:

எக்கோ தந்தது:

:/ஹோம்/லேப்/.லோக்கல்/லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ்:/ஹோம்/லேப்/கருவிகள்

('கருவிகள்' என்னுடைய சொந்த ஃபோல்டர். அதில் அளவை.பை என்று ஒரு சின்ன மாட்யூல் வைத்திருக்கிறேன். சென்சார் எண்ணை டிகிரியாக மாற்றும்.)

சைட் காட்டியது, மேலிருந்து கீழ்:

/ஹோம்/லேப்/உறைபெட்டி
/ஹோம்/லேப்/.லோக்கல்/லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ்
/ஹோம்/லேப்/கருவிகள்
/யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்312.ஜிப்
/யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3.12
/யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3.12/லிப்-டைன்லோட்
/ஹோம்/லேப்/உறைபெட்டி/வென்வ்/லிப்/பைத்தான்3.12/சைட்-பேக்கேஜஸ்

கீழே எனேபிள்_யூசர்_சைட்: ஃபால்ஸ் என்று இருக்கிறது. அப்படியென்றால் .லோக்கல் அணைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் இரண்டாவது வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது?

க்ரான்டேபின் முதல் வரி:

பைத்தான்பாத்=/ஹோம்/லேப்/கருவிகள்:$ஹோம்/.லோக்கல்/லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸ்

இதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன் எங்கேயோ படித்து நான் போட்டதுதான். மறந்தே போயிருந்தேன்.

---

புள்ளிக்கோப்பு சொன்னது:

கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று புதிர்களுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இம்போர்ட் நம்பை என்றால் பைத்தான் டிஸ்க் முழுக்கத் தேடுவதில்லை. சிஸ்.பாத் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதை மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஃபோல்டராகத் தட்டிக்கொண்டே போகும். எந்த வாசலில் 'நம்பை' என்ற பெயர் முதலில் அகப்படுகிறதோ, அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். உள்ளே இருப்பது உடைந்திருந்தாலும் அடுத்த வாசலுக்குப் போகாது.

அந்தப் பட்டியலில் முதல் இடம் ஓட்டப்படும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு ('-எம்' போட்டு ஓட்டினால் நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்கு). அடுத்தது பைத்தான்பாத்தில் இருப்பவை. அதற்குப் பிறகுதான் பைத்தானின் சொந்த நூலகம். கடைசியாக சைட்-பேக்கேஜஸ் வகையறா. உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள்: 3.10இன் ஃபோல்டர் இரண்டாவது, வென்வின் ஃபோல்டர் ஏழாவது.

வென்வ் உருவாக்கினால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது என்று பலரும் நம்புகிறோம். கணினியின் சைட்-பேக்கேஜஸ் வராது, உங்கள் ஹோமில் .லோக்கலுக்குள் இருக்கும் யூசர் சைட்டும் (ஒரு யூசர் தனக்கு மட்டும் நிறுவியவை) வராது. எனேபிள்_யூசர்_சைட் ஃபால்ஸ் என்று காட்டியது அதைத்தான். ஆனால் பைத்தான்பாத் வரும். அதை வென்வ் தடுப்பதே இல்லை. யூசர் சைட் என்ற வாசலைப் பைத்தான் ஒழுங்காகப் பூட்டிவிட்டது. நீங்கள் அதே ஃபோல்டரைப் பைத்தான்பாத்தில் கையோடு கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்திருக்கிறீர்கள். பைத்தானுக்கு அது யூசர் சைட் என்றே தெரியாது, ஏதோ ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். பிப்பும் இதே பட்டியலைப் பார்த்துத்தான் எது ஏற்கெனவே இருக்கிறது என்று முடிவு செய்கிறது. அதனால்தான் பத்து வினாடி வயதான வென்வில் நம்பை இருப்பதாகச் சொன்னது. அது சொன்ன வரியின் வால் பகுதியைப் பாருங்கள், 3.10 ஃபோல்டரின் பாதை அதிலேயே இருந்திருக்கும்.

அடுத்தது, ரிக்வெஸ்ட்ஸ் வருகிறது, நம்பை ஏன் வரவில்லை? ரிக்வெஸ்ட்ஸ் முழுக்கப் பைத்தான் நிரல். 3.10க்கு நிறுவியதை 3.12 படித்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். நம்பையின் உள்ளே சி மொழியில் எழுதி கம்பைல் செய்த கோப்புகள் இருக்கின்றன. அந்த 3.10 ஃபோல்டருக்குள் நம்பை, அதற்குள் கோர் என்று போய்ப் பாருங்கள். _மல்ட்டிஅரே_யூமாத்.சிபைத்தான்-310 என்று தொடங்கி .எஸ்ஓ என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். பெயரிலேயே 310 என்று முத்திரை. 3.12 தேடுவது 312 முத்திரை உள்ளதை, அல்லது முத்திரையே இல்லாததை. கண் முன்னால் கோப்பு இருந்தும் அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்று அது சொல்வது இதனால்தான். ரிக்வெஸ்ட்ஸும் சேர்ந்து உடைந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள். பாதி வேலை செய்ததுதான் உங்களைச் சுற்ற வைத்தது.

க்ரானில் பிழை வேறாக இருந்ததற்குக் காரணம் $ஹோம். க்ரான்டேபில் எழுதும் வேரியபிள் வரிகளில் $ஹோம் போன்றவற்றை யாரும் உண்மையான பாதையாக விரித்துப் படிப்பதில்லை. டாலர் குறியோடு அப்படியே எழுத்தாகவே பைத்தானுக்குப் போகும். '$ஹோம்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உலகத்தில் இல்லை. இல்லாத ஃபோல்டரைக் கொடுத்தால் பைத்தான் ஒரு எச்சரிக்கைகூடத் தராது, பேசாமல் அடுத்த வாசலுக்குப் போய்விடும். ஆக, அந்தப் பாதி வரி இரண்டு வருடமாக ஒரு வேலையும் செய்யவில்லை. அப்போது நம்பை கிடைத்ததற்குக் காரணம், 3.10 தன் யூசர் சைட்டைத் தானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இப்போது ஓடுவது 3.12, அது தேடுவது .லோக்கலுக்குள் பைத்தான்3.12 ஃபோல்டரை. அப்படி ஒன்று உங்களிடம் இல்லை. எனவே க்ரானில் 'நம்பையே இல்லை', டெர்மினலில் 'நம்பை இருக்கிறது, ஆனால் உடைசல்'.

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. எக்கோ காட்டிய வரி ஒரு முக்கால்புள்ளியில் தொடங்குகிறது பாருங்கள். பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு) பைத்தான்பாத்=$பைத்தான்பாத்:… என்று எழுதியிருப்பீர்கள். ஆரம்பத்தில் அந்த வேரியபிள் காலி என்பதால் முக்கால்புள்ளிக்கு முன்னால் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குப் பைத்தான் தரும் பொருள், 'இப்போது நிற்கும் ஃபோல்டர்'. உங்களுக்கு இதனால் இதுவரை கெடுதல் இல்லை. எனக்கு இருந்தது. ஏபிஐ டோக்கன் வைத்துக்கொள்ள டோக்கன்.பை என்று ஒரு கோப்பு உருவாக்கினேன். டோக்கன் என்ற பெயரில் பைத்தானின் சொந்த நூலகத்திலேயே ஒரு மாட்யூல் இருக்கிறது என்று அப்போது தெரியாது. அந்த ஃபோல்டரில் நின்று எதை ஓட்டினாலும், பிப் உட்பட, சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். ஒரு ஃபோல்டர் வெளியே வந்து நின்றால் எல்லாம் சரியாக ஓடும். பேய் பிடித்த ஃபோல்டர் என்று நினைத்து முழு ஞாயிற்றுக்கிழமையும் போனது.

சரி, சரிசெய்வது:

பாஷ்ஆர்சியிலும் க்ரான்டேபிலும் பைத்தான்பாத் வரிகளை முழுசாக எடுத்துவிடுங்கள். புது டெர்மினல் திறந்து, எக்கோ காலியாக வருகிறதா என்று பாருங்கள். பழைய வென்வை அழித்துவிட்டு, புதிதாக ஒன்று உருவாக்கி, மூன்று பேக்கேஜையும் அதில் நிறுவுங்கள். இந்த முறை உண்மையிலேயே இறக்கும்.

க்ரான் வரியில் ஆக்டிவேட் எல்லாம் தேவையில்லை. வென்வுக்குள் பின் என்ற ஃபோல்டரில் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும்: /ஹோம்/லேப்/உறைபெட்டி/வென்வ்/பின்/பைத்தான், பிறகு ஸ்கிரிப்டின் முழுப் பாதை. அந்தப் பைத்தான் தொடங்கும்போதே ஒரு ஃபோல்டர் மேலே இருக்கும் பைவென்வ்.சிஎஃப்ஜி கோப்பைப் பார்த்துத் தான் எந்த வென்வைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும்.

அளவை.பைக்கு மட்டும் ஒரு வழி வேண்டும். வென்வின் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் கருவிகள்.பிடிஎச் என்று ஒரு கோப்பு உருவாக்கி, உள்ளே ஒரே வரி: /ஹோம்/லேப்/கருவிகள். பைத்தான் தொடங்கும்போது அதைப் படித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். இதிலும் டாலர் குறியெல்லாம் வேண்டாம், முழுப் பாதை கொடுங்கள்.

---

சுருக்குவழி சொன்னது:

பிடிஎச் கோப்பை நான் ஒருமுறை முயன்றேன், பைத்தான் கண்டுகொள்ளவே இல்லை. அதிலிருந்துதான் அப்பெண்டுக்கு மாறினேன்.

---

புள்ளிக்கோப்பு சொன்னது:

எங்கே வைத்தீர்கள்? பைத்தான்பாத்தில் கொடுத்த ஃபோல்டரில் வைத்திருந்தால் படிக்காது. சைட் மாட்யூல் கவனிக்கும் ஃபோல்டர்களில், அதாவது சைட்-பேக்கேஜஸிலோ யூசர் சைட்டிலோ வைத்தால்தான் படிக்கும்.

---

சுருக்குவழி சொன்னது:

ஆமாம், பைத்தான்பாத் ஃபோல்டரில்தான் வைத்தேன். மூன்று வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

---

மூன்றாம்ஷிஃப்ட் சொன்னது:

புள்ளிக்கோப்பு சொன்ன வைத்தியம் சரி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யூசர் சைட்டே கெட்டது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் கணினிகளில் எனக்கு ரூட் (நிர்வாகி உரிமை) கிடையாது, பல வருடமாக .லோக்கலில்தான் பிழைப்பு ஓடுகிறது.

யூசர் சைட் 2008இல் பைத்தான் 2.6இலும் 3.0இலும் வந்தது. பிஇபி 370 என்று பெயர் (பிஇபி என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு). ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதிலும் பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வைத்ததற்குக் காரணமே 3.10இன் .எஸ்ஓ கோப்பு 3.12இன் கையில் சிக்கக் கூடாது என்பதுதான். அரைகுறை அவர்கள் அந்தத் தடுப்பைத் தாண்டிக் குதித்திருக்கிறார், அவ்வளவே. பைத்தான் பதிப்பு மாறினால் .லோக்கல் காலியாகத் தெரிவது கோளாறு இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பலருக்கு யூசர் சைட்டில் எதையோ வைத்திருப்பதே தெரியாது. 2020இல் வந்த பிப் 20.0 முதல், கணினியின் சைட்-பேக்கேஜஸில் எழுத அனுமதி இல்லையென்றால், கேட்காமலேயே யூசர் சைட்டில் நிறுவிவிடும். ஒரு வரி சொல்லும், அதை யார் படிக்கிறார்கள்? இப்போது உபுண்டு 24.04 போன்றவற்றில் பிஇபி 668 (கணினியின் சொந்தப் பைத்தானைப் பிப் தொடாமல் தடுப்பது) காரணமாக, யூசர் என்று நீங்களே கேட்டால்கூட மறுத்துவிடுகிறது.

மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. சாதாரணமாக யூசர் சைட் கணினியின் பேக்கேஜ்களுக்கு முன்னால் நிற்கும். நீங்கள் .லோக்கலில் ஒரு பழைய ரிக்வெஸ்ட்ஸ் வைத்திருந்தால், உங்கள் பெயரில் ஓடும் கணினியின் சொந்தப் பைத்தான் கருவிகளும் அதையே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மட்டும் உடையும், பக்கத்து யூசருக்கு ஓடும். சூடோ போட்டால் (நிர்வாகியாக ஓட்டினால்) ஓடும், போடாவிட்டால் உடையும். இப்படி ஏதாவது விசித்திரமாக நடந்தால், சின்ன எஸ் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள், யூசர் சைட்டை விட்டுவிடும். பெரிய ஈ போட்டால் பைத்தான் என்று தொடங்கும் எல்லா வேரியபிளையும் கண்டுகொள்ளாது. பெரிய ஐ இரண்டையும் சேர்த்துச் செய்யும், முதல் இடத்தில் நிற்கும் ஃபோல்டரையும் தள்ளிவிடும். சின்ன ஐ போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அது முற்றிலும் வேறு வேலை.

எனக்கு உதவிய இன்னொன்று பைத்தான்யூசர்பேஸ், யூசர் சைட் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் வேரியபிள். எங்களிடம் ஒரே ஹோம் டைரக்டரியை இரண்டு வகைக் கணினிகள் பகிர்ந்துகொள்கின்றன, பிராசசர் வேறு வேறு. இரண்டிலும் பைத்தான் பதிப்பு ஒன்றே என்பதால் .லோக்கலில் ஒன்று நிறுவியதை மற்றது மிதித்துவிடும். லாகின் ஆகும்போது கணினியின் வகையைப் பார்த்து அந்த வேரியபிளை வெவ்வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டேன், தீர்ந்தது. விண்டோஸில் இதே ஃபோல்டர் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும், மேக்கில் பைத்தான்.ஆர்க் தரும் நிறுவியைப் போட்டிருந்தால் லைப்ரரிக்குள் இருக்கும். பாதையை மனப்பாடம் செய்ய வேண்டாம், 'பைத்தான்3 -எம் சைட் --யூசர்-சைட்' என்று கேட்டால் அதுவே சொல்லும்.

அரைகுறை அவர்களே, உங்கள் தேவைக்கு வென்வ்தான் சரி. மறுப்பு இல்லை.

---

அரைகுறை சொன்னது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து செய்தேன்.

பாஷ்ஆர்சியில் அந்த வரி இருந்தது.  அதையும் க்ரான்டேபில் இருந்ததையும் எடுத்தேன். புது வென்வில் பிப் இந்த முறை உண்மையிலேயே இறக்கியது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பிடிஎச் கோப்பில் முதலில் ஃபோல்டர் பெயரைத் தப்பாக 'கருவிகல்' என்று எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னதுபோலவே ஒரு எச்சரிக்கைகூட இல்லை, அளவை இல்லை என்ற பிழை மட்டும்தான். சைட் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், அந்த வரியையே காணோம். அப்போதுதான் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது.

புள்ளிக்கோப்பு சொன்ன .எஸ்ஓ கோப்பையும் தேடிப் பார்த்தேன். 310 என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. பழைய 3.10 ஃபோல்டரை இன்னும் அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் எதுவும் அழவில்லை என்றால் அழித்துவிடுவேன்.

இன்று காலை 6.01க்குப் படம் வந்தது. மூன்றாம் எண் உறைபெட்டி ராத்திரி 2 மணிக்கு மைனஸ் 71 வரை ஏறி இறங்கியிருக்கிறது. கதவை யாரோ சரியாக மூடவில்லை. அது வேறு விசாரணை.

ஒரே ஒரு சந்தேகம். நேற்று மாலையிலிருந்து திறந்தே இருக்கும் ஒரு டெர்மினல் டேபில் மட்டும் இன்னும் பழைய ஒரு பக்கப் பிழையே வருகிறது. பக்கத்து டேபில் ஒழுங்காக ஓடுகிறது.

---

புள்ளிக்கோப்பு சொன்னது:

அந்த டேப் திறந்தபோது பழைய பாஷ்ஆர்சியைப் படித்தது. கோப்பை மாற்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லின் கையில் பழைய பைத்தான்பாத் அப்படியே இருக்கும். 'அன்செட் பைத்தான்பாத்' கொடுங்கள், அல்லது டேபை மூடிவிடுங்கள். டிமக்ஸ் (டெர்மினலை மூடினாலும் உள்ளே ஓடுவதை உயிரோடு வைத்திருக்கும் கருவி) ஏதாவது திறந்து வைத்திருந்தால் அதையும் பாருங்கள், அதற்குள்ளும் பழையது உயிரோடு இருக்கும்.

---

அரைகுறை சொன்னது:

டிமக்ஸ் இருக்கிறது. சில நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூடப் போகிறேன்.